தகராறு நிலத்தில் தெருத் தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனைப்பிரிவு வரைபடத்தில் 'பூங்கா' என்று போட்டிருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடும் கோழிக்கடைக் கழிவும் கிடக்கும். சென்னை, கோவை, மதுரை என எந்த ஊரிலும் இப்படி ஓர் இடம் பக்கத்துத் தெருவில் இருக்கும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இறங்குவார்கள். இரண்டு மாதத்தில் கீரை பறிப்பார்கள், வெண்டை காய்க்கும். அதன் பிறகுதான் ஒருவர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வருவார். இப்படிப்பட்ட தோட்டங்கள் பெரும்பாலும் செடி வாடி அழிவதில்லை. 'இது பொதுமக்கள் பயன்பாட்டுக்கான இடம்' என்பதுதான் தோட்டம் போட்டவர்கள் கையில் இருக்கும் வலுவான வாதம். அதை அவர்களே தெரியாமல் கெடுத்துக்கொள்வதால்தான் தோட்டம் போகிறது. கீழே உள்ள தவறுகளில் பாதி அந்த வகை.

நிலத்தின் வகை தெரியாமல் கை வைப்பது

'காலி இடம்' என்று நிலத்தில் ஒரு வகையே கிடையாது. அது மனைப்பிரிவில் ஒதுக்கிய திறந்தவெளியாக இருக்கலாம், புறம்போக்காக இருக்கலாம், கோயில் நிலமாகவோ தனியார் இருவர் வழக்காடும் மனையாகவோ இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

தோட்டத்துக்கு நல்ல வாய்ப்பு உள்ளது ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது மனைப்பிரிவில் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கிய இடம். தமிழ்நாட்டு விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை மேம்படுத்துபவர், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் மூலம் இலவசமாக ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடத்துக்குப் பதில் பணமாகக் கட்டவும் வாய்ப்பு உண்டு. இந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் உறுதி செய்தது. ஆகவே முதல் கேள்வி: உங்கள் மனைப்பிரிவின் மொத்தப் பரப்பு எவ்வளவு? சிறிய மனைப்பிரிவில் 'பூங்கா விடவே இல்லை' என்று சண்டைக்குப் போனால், பணம் கட்டிய ரசீதைக் காட்டி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து காகிதங்கள். அந்த மனைப்பிரிவில் மனை வாங்கிய யாரிடமாவது கிரயப் பத்திரம் கேட்டுப் பாருங்கள். அதில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண் இருக்கும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் சான்றிட்ட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். பிறகு அந்த சர்வே எண்ணுக்கு, ஒப்புதல் ஆண்டிலிருந்து இன்று வரை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் வரும். கடைசியாக, இணையத்திலேயே கிடைக்கும் பட்டாவையும், நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறை 'அ' பதிவேட்டையும் பாருங்கள். நகரப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேடு.

சிக்கல் பெரும்பாலும் இந்த மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில்தான். வரைபடத்தில் பூங்கா இருக்கும், தானப் பத்திரம் பதிவாகியிருக்காது. தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் உள்ளாட்சி பட்டா மாற்றம் செய்யாமல் விட்டிருக்கும். பட்டாவில் இன்னும் மனைப்பிரிவு போட்டவர் பெயரே நிற்கும். இருபது வருஷம் கழித்து அவர் வாரிசுகள் அந்தப் பட்டாவைக் காட்டிப் பூங்காவை இரண்டு மனையாக உடைத்து விற்பார்கள். வாங்கியவரும் ஏமாந்தவர்தான், அதனால் அவரும் விட மாட்டார். இந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது, பட்டாவை உள்ளாட்சி பெயருக்கு மாற்றச் சொல்லி ஆணையருக்கும் தாசில்தாருக்கும் மனு கொடுப்பது. விதை அதற்குப் பிறகுதான். சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அப்போது சேர்ந்த பகுதிகளில் பழைய ஊராட்சி, நகராட்சிக் கோப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள். மண்டல அலுவலகத்தில் மட்டும் தேடினால் 'ஆவணம் இல்லை' என்ற பதிலே வரும்.

பலர் குழப்பிக்கொள்ளும் விஷயம் இன்னொன்று. 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி, திட்ட வரைபடத்தில் ஒதுக்கிய தனியார் நிலத்தை அரசு 3 ஆண்டுக்குள் கையகப்படுத்தாவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகும். இதைக் காட்டி 'பூங்கா ஒதுக்கீடே போய்விட்டது' என்று மிரட்டுவார்கள். அந்தப் பிரிவு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்), விரிவான வளர்ச்சித் திட்டம் ஆகியவற்றில் அரசு குறித்த நிலத்துக்கானது. மனைப்பிரிவு போட்டவர் தானே பூங்கா என்று காட்டி ஒப்புதல் வாங்கி, அதைச் சொல்லியே மற்ற மனைகளை விற்ற இடத்தின் கதை வேறு. இரண்டில் உங்களுடையது எது என்பதை வரைபடத்தின் தலைப்பைப் படித்தே தெரிந்துகொள்ளலாம்.

ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருந்தால் அங்கே பாத்தி கட்டவே கூடாது. மழைநீர் போகும் வழியைத் தோட்டத்தால் அடைத்தாலும் அது அடைப்புதான். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறையின் அனுமதியில்லாமல் அர்ச்சகரோ தர்மகர்த்தாவோ வாய்மொழியாகச் சொன்னது செல்லாது.

வழக்கு நிலவரம் பார்க்காதது

வில்லங்கச் சான்றில் எல்லா வழக்கும் தெரியாது. நீதிமன்றங்களின் வழக்கு விவரம் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில், பட்டாதாரர் பெயரையும் கிரயதாரர் பெயரையும் போட்டு மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம் இரண்டிலும் தேடுங்கள். 'இப்போதுள்ள நிலையே நீடிக்க வேண்டும்' என்ற இடைக்கால உத்தரவு இருந்தால், முள்செடியை வெட்டுவதையே நிலையை மாற்றியதாகச் சொல்லி உங்களை எதிர்தரப்பு ஆக்கிவிட முடியும். அந்த உத்தரவு நீங்கும் வரை இடத்தைப் படம் எடுத்து வைப்பது, காகிதம் சேர்ப்பது, வழக்கில் உங்களையும் சேர்க்கச் சொல்லி மனுப் போடுவது, இவை மட்டுமே பாதுகாப்பு. குடியிருப்போருக்கு வழக்காடும் தகுதி உண்டா என்ற சந்தேகம் வேண்டாம். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அக்கம்பக்கத்தவர் போட்ட வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே நின்றது.

'பன்னிரண்டு வருஷம் இருந்தால் நமக்கே' என்ற நம்பிக்கை

இது மிக ஆபத்தானது. பன்னிரண்டு ஆண்டு என்பது தனியார் நிலத்துக்கு. அரசு நிலத்துக்கு முப்பது. அதிலும் அனுமதி வாங்கிப் பயிர் செய்தால் அது எதிரிடை அனுபவமாகாது (உரிமையாளருக்கு எதிராக நீண்டகாலம் வைத்திருந்து உரிமை கோருவது). எல்லாவற்றையும் விட, 'இது எங்கள் அனுபவம்' என்று எழுதிக் கொடுத்த அன்றே நீங்கள் இன்னொரு ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுகிறீர்கள். வருவாய்த் துறை கொடுக்கும் 'பி மெமோ' என்ற ஆக்கிரமிப்பு அறிவிப்புக்கு அபராதம் கட்டிய ரசீதைப் பலர் உரிமைச் சான்று போலப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அது ஆக்கிரமிப்பை ஒப்புக்கொண்டதற்கான சான்று. புறம்போக்கில் வைத்த மரத்துக்கு '2சி பட்டா' வாங்கினாலும் அது மரத்தின் பலனுக்குத்தான், மண்ணுக்கு இல்லை.

சென்னை கதீட்ரல் சாலையைப் பாருங்கள். 1835-இல் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கம் நெடுங்காலம் வைத்திருந்த நிலத்தில் ஒரு பகுதி 2010-இல் செம்மொழிப் பூங்கா ஆனது. எஞ்சிய பகுதியைப் பல பத்தாண்டு வழக்குக்குப் பின் 2023-இல் அரசு எடுத்துக்கொண்டது. 2024 அக்டோபரில் அங்கே கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தார்கள். அத்தனை பழைய சங்கத்துக்கே அனுபவம் கைகொடுக்கவில்லை.

நிரந்தரமாக எதையாவது கட்டுவது

காம்பவுண்டு சுவர், ஆழ்துளைக் கிணறு, சிமெண்ட் தளம், தகரக் கொட்டகை. நான்கும் கூடாது. சென்னைப் பெருநகரப் பகுதியில் கிணறு தோண்ட 1987 நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி வேண்டும். நிலத்தின் உரிமையைக் காட்டாமல் அது கிடைக்காது.

அடுத்தது, 'ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டால் எவனும் தொட மாட்டான்' என்ற யோசனை. நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். பொது இடங்களில் புதிதாக எந்த மதத்தின் வழிபாட்டுத் தலமும் வரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் உத்தரவிட்டிருக்கிறது. சிலை வந்த அன்றே தோட்டத்தின் வழக்கு கோயிலின் வழக்காக மாறும், உண்டியல் வரும், வேறு ஆட்கள் வருவார்கள். தெருவில் இருக்கும் முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் அதோடு ஒதுங்கிக்கொள்ளும்.

மரமும் ஒருவகையில் நிரந்தரம்தான். சென்னையில் மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதால், 'மரம் வைத்தால் இடத்தைக் காப்பாற்றிவிடலாம்' என்று நூறு கன்றுகளை நெருக்கமாக நட்டுவிடுகிறார்கள். அந்த நிழலில் பிறகு கீரை வராது, பிள்ளைகள் ஓடி விளையாட இடமும் இருக்காது. ஓரத்தில் ஒரு வேம்பு, ஒரு புங்கன் போதும்.

இடிபாட்டு மண்ணில் நேராக விதைப்பது

நகரத்துக் காலி மனையின் மேல்மண் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை, செங்கல் தூள், உடைந்த கண்ணாடி. கார அமில நிலை 8-க்கு மேல் ஏறிவிடும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இதனால்தான். யூரியா போட்டுப் பயனில்லை, இரும்புச்சத்துதான் ஏறவில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சில துளி எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் தெளித்தால் தற்காலிகமாகத் தேறும்.

மண் மாதிரியைப் பத்து இடத்தில் 'வி' வடிவக் குழி எடுத்து, 15 செ.மீ. ஆழம் வரை சுரண்டி, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைக் கழித்துக் கழித்து அரைக் கிலோவாக்கிக் கொடுங்கள். வேளாண் துறை மண் பரிசோதனையில் ஈயம் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் பேட்டரிக் கடை, பெயிண்ட் பட்டறை, மெக்கானிக் ஷெட் இருந்திருந்தால் தனியாக ஓர் ஆய்வகத்தில் ஈயம் பாருங்கள். இருந்தால் கீரையும் முள்ளங்கியும் அந்த மண்ணில் வேண்டாம்.

சரியான வழி மேட்டுப்பாத்தி. பத்தடி நீளம், நாலடி அகலம். இரு பக்கமிருந்தும் கை எட்ட நாலடிதான் எல்லை. 16 அங்குல ஹாலோ பிளாக் கல்லைச் சிமெண்ட் பூசாமல் இரண்டு வரிசை அடுக்குங்கள், சுமார் 42 கல் பிடிக்கும். அடியில் தண்ணீர் இறங்கும் துணி. ஓரடி உயரம் நிரப்ப 40 கன அடி கலவை வேண்டும்: செம்மண் 20, மக்கிய தொழுவுரம் 10, தென்னைநார்க் கழிவு 10. ஐந்து கிலோ நார்க்கட்டி நான்கைந்து வாங்கி, இரண்டு தடவை அலசி உப்பை வெளியேற்றிப் பிறகு கலக்குங்கள். அலசாமல் போட்டால் நாற்றின் இலை நுனி கருகும். முதல் மழையிலேயே மண் கொஞ்சம் அமுங்கும், அதற்கு நாலைந்து கூடை மிச்சம் வைத்திருங்கள். நாளை எடுக்கச் சொன்னால் கல்லும் மண்ணும் ஒரே நாளில் வண்டியேறிவிடும்.

இந்த அளவுப் பாத்திக்கு மே மாதம் நாளொன்றுக்கு 25 லிட்டர், அதாவது இரண்டு குடம் தண்ணீர் வேண்டும். முப்பது பாத்தி போட்டுவிட்டு, ஒரு தெருக்குழாயை நம்பினால் ஏப்ரலில் தெருச்சண்டை வரும். எத்தனை குடம் வருமோ அத்தனை பாத்தி. டிரம்மை வலைத்துணியால் இறுக்கிக் கட்டி, வாரம் ஒரு நாள் கவிழ்த்துக் காயவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு ஏழெட்டு நாளில் வந்துவிடும். தோட்டத்தை மூட ஆள் தேடுபவருக்கு ஒரு டிரம் புழு போதும்.

பயிர் குறுகியதாக இருக்கட்டும். சிறுகீரை 25 நாள், முள்ளங்கி 45 நாள், வெண்டை 45 நாளில் முதல் காய்.

பூட்டுப் போடுவது

திருட்டு, மாடு, குடிகாரர்கள் என்று காரணம் சொல்லிக் கதவைப் பூட்டி, சாவியைச் சங்கத் தலைவர் வீட்டில் வைப்பார்கள். பின்தெருக் குடிசைப் பகுதியிலிருந்து வரும் பிள்ளைகளை 'நீங்க எந்த பிளாட்?' என்று கேட்பார்கள். எங்கள் கணிப்பில் ஒரு தோட்டத்துக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. தானப் பத்திரம் நிலத்தைப் பொதுமக்களுக்காக உள்ளாட்சிக்குக் கொடுக்கிறது, சங்கத்துக்கு இல்லை. பூட்டிய கதவின் ஒரு புகைப்படம் போதும், 'இதுவும் தனியார் ஆக்கிரமிப்புதான்' என்று எதிர்தரப்பு வாதாட.

ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு வாரம் அந்த இடத்தைக் காலை ஐந்தரை, மாலை நான்கு, இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். யார் துணி உலர்த்துகிறார், எந்தப் பசங்க கிரிக்கெட் ஆடுகிறார்கள், எந்த ஆட்டோ நிற்கிறது, கழிப்பறை இல்லாமல் யார் அங்கே ஒதுங்க வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இவர்கள் ஏற்கெனவே அந்தப் பசுமைவெளியைப் பயன்படுத்துகிறவர்கள். பாதி இடத்தைத் திறந்த மண்தரையாகவே விடுங்கள். கழிப்பறை இல்லாதது பிரச்சினை என்றால் அதற்குத் தனியாக வார்டில் மனுக் கொடுங்கள். குடிசைகள் உள்ள இடத்தை 'பூங்கா' என்று சொல்லி அப்புறப்படுத்தும் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்று வீடு இல்லாமல் ஒருவரை எழுப்பிவிட்டுப் போடும் பாத்தியில் நியாயம் இல்லை.

வேலி வேண்டுமென்றால் இடுப்பளவு உயிர்வேலி. வாசல் ஒரு மீட்டருக்குக் குறையாமல், படிக்குப் பதில் சரிவு: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டிக் குழந்தையும் உள்ளே வர வேண்டும். பலகையில் 'அனைவருக்கும் திறந்தது' என்றும் நேரத்தையும் எழுதுங்கள். சங்கத்தின் பெயரைப் பெரிதாகப் போட வேண்டாம்.

வாய்மொழி அனுமதியை நம்புவது

கவுன்சிலர் 'பண்ணுங்க, நான் பார்த்துக்கிறேன்' என்பார். அடுத்த தேர்தலில் அவர் இருக்க மாட்டார். குறைந்தது ஏழு பேர் சேர்ந்து 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்து, பூங்காவைப் பராமரிக்க அனுமதி கேட்டு மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். வார்டுக்குள் மக்கள் கூடும் பகுதி சபையில் தீர்மானமாக எழுதவைத்து நகல் வாங்குங்கள். தகவல் உரிமை மனுவில் 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். 'இன்ன சர்வே எண்ணுக்கான தானப் பத்திரத்தின் நகல்' என்று ஆவணத்தைக் கேளுங்கள். விளைச்சலை விற்றுப் பணம் பார்க்க வேண்டாம். பறித்தவர்களுக்கும் பக்கத்து அங்கன்வாடிக்கும் பிரித்துக் கொடுத்து, நோட்டில் எழுதுங்கள்.

நோட்டீஸ் வந்ததும் சாலை மறியல்

நோட்டீஸ் எந்தச் சட்டப் பிரிவில், யார் கையெழுத்தில், எந்த சர்வே எண்ணுக்கு வந்திருக்கிறது என்று முதலில் படியுங்கள். சர்வே எண் தவறாக இருப்பது அபூர்வமில்லை. கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். 'நாங்கள் இந்நிலத்தில் சொந்த உரிமை எதுவும் கோரவில்லை. ஒப்புதல் பெற்ற வரைபடப்படி இது பூங்கா. பொதுப் பயன்பாட்டில் உள்ளது' என்ற மூன்றையும் சொல்லி, வரைபட நகலையும் தேதியிட்ட புகைப்படங்களையும் இணையுங்கள். நேரில் விசாரிக்கவும், அப்புறப்படுத்துவதற்கு முன் நில அளவை செய்யவும் கேளுங்கள். அளவையர் வரும் நாளில், சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட நகலோடு இரண்டு பேர் கூடவே நடக்க வேண்டும். அளவு வரைபடத்தோடு ஒத்துவரவில்லை என்றால், அவர் நீட்டும் தாளில் வெறும் கையெழுத்துப் போடாமல், ஆட்சேபத்தை எத்தனை மீட்டர் வித்தியாசம் என்று எண்ணோடு எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.