சின்னக் குழந்தையோடு வெயில் ஊருக்கு: முதல் குடும்பப் பயணத்தைத் திட்டமிடும் முறை

மகளுக்கு ஒன்றரை வயதானபோது முதல் முறையாக மூன்று நாள் வெளியூர் போனோம். ஒரு நாளைக்கு ஐந்து இடம் என்று குறித்து வைத்திருந்தோம். முதல் நாள் மதியம், இரண்டாவது இடத்திலேயே அழ ஆரம்பித்தவள் இரவு வரை ஓயவில்லை. பசியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. தூக்கம் கெட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து, நல்ல வெயில் அடிக்கிற, கூட்டமில்லாத ஒரு புறநகர் ஊரில் வீடு எடுத்து நான்கு நாள் தங்கினோம். இந்த முறை அவளுடைய மதியத் தூக்கத்தை முதலில் எழுதிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி வைத்தோம். அந்த நான்கு நாளும் எங்களுக்கு இனித்தது. அப்போது செய்ததை, முதல் முறை கிளம்புகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன். ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதியது இது.

படி 1: ஊரைத் தேர்ந்தெடுப்பது

வீட்டிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஊராகப் பாருங்கள். பெரியவர்களுக்குச் சுவாரசியம் குறைவாகத் தெரிகிற புறநகர்தான் குழந்தைக்கு வசதி. அகலமான நடைபாதை, மெதுவாகப் போகும் வண்டிகள், நடந்துபோகும் தூரத்தில் பூங்கா, பக்கத்திலேயே ஒரு மருந்துக்கடை. இந்த நான்கும் இருந்தால் போதும். வரைபடத்தில் பூங்காவைப் பார்த்ததும் முடிவு செய்துவிடாமல், செயற்கைக்கோள் படத்தில் அங்கே மரநிழல் விழுகிறதா என்றும் பாருங்கள். நிழலில்லாத விளையாட்டுத் திடல் வெயில் ஊரில் காலை ஒன்பது மணிக்கு மேல் பயன்படாது.

படி 2: தங்குமிடம்

ஒரே அறையாக இருந்தால் குழந்தை தூங்கியதும் நீங்களும் இருட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தனிப் படுக்கையறை, சின்னச் சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் மூன்றும் உள்ள வீடாக எடுங்கள். பதிவு செய்வதற்கு முன் உரிமையாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். படுக்கையறையைப் பகலில் இருட்டாக்க முடியுமா? மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு உண்டா? நீச்சல் குளம் இருந்தால் நான்கு பக்கமும் வேலி இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், வேறு வீடு பாருங்கள். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

படி 3: ஒரு நாளை வரைவது

இந்தப் பயணத்தின் முதுகெலும்பு இதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்று, நான்கு வயதில் அது 10 முதல் 13 மணி நேரம். ஊர் மாறுவதால் இந்தத் தேவை குறைந்துவிடாது. புதிய முகம், புதிய சத்தம், புதிய வெளிச்சம் எல்லாம் சேர்ந்து குழந்தையை வழக்கத்தைவிடச் சீக்கிரமே களைக்க வைக்கும்.

ஒரு தாளை எடுத்து, வீட்டில் குழந்தை மதியம் தூங்கும் நேரத்தை நடுவில் எழுதுங்கள். பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் போய்விடும். ஆக, பதினொன்றரைக்கு நீங்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். காலை ஏழரைக்குக் கிளம்பினால் பத்தரை வரை வெளியே ஒரு இடம். மாலை நான்கரைக்கு மேல் இன்னொரு இடம். ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு.

இதில் ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மிகக் கடுமையாக இருப்பது காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில்தான். குழந்தையின் தூக்கமும் அதே நேரத்தில் வருகிறது. தூக்கத்தைக் காப்பாற்றினாலே வெயிலிலிருந்து பாதி காப்பாற்றியது போலத்தான்.

அந்த மதிய இரண்டு மணி நேரம் வீணாகிறதே என்று எனக்கும் முதலில் தோன்றியது. உண்மையில் நானும் கணவரும் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான். ஒருவர் வீட்டில் இருக்க, மற்றவர் தனியாக ஒரு நடை போய்வரலாம். தாத்தா பாட்டி கூட வந்தால் அவர்களும் சற்றுக் கண்ணயரலாம்.

படி 4: மூட்டை கட்டுவது

உடுப்பைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம், துவைக்க வசதி இருக்கிறது. மறக்கக் கூடாதவை வேறு. குழந்தை வீட்டில் படுக்கும் விரிப்பைத் துவைக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய வாசனை புதுப் படுக்கையில் தூங்க உதவும். சன்னலில் மாட்ட ஒரு கறுப்புத் துணியும் ஒட்டு நாடாவும் வேண்டும். டயப்பரை முதல் இரண்டு நாளுக்கு எடுத்துக்கொண்டு மீதியைப் போகும் இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். மருந்துப் பையில் வெப்பமானி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, அதை அளக்கும் மூடி அல்லது சிரிஞ்சு இருக்கட்டும். மருந்தைச் சமையல் கரண்டியால் அளக்கக் கூடாது.

படி 5: போகும் வழி

காரில் போவதானால் தூங்கும் நேரத்துக்குச் சற்று முன்பு கிளம்புங்கள். குழந்தைக்கான இருக்கையைப் பின்பக்கம் பார்த்தபடி, அந்த இருக்கையின் எடை, உயர வரம்பு அனுமதிக்கும் வரை வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. திடீரென்று பிரேக் பிடிக்கும்போது தலையும் கழுத்தும் முதுகும் சேர்ந்து தாங்கப்படும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் குழந்தையை இறக்கி, ஓடவிடுங்கள்.

திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். முந்திரி, பாதாம் போன்ற முழுக் கொட்டைகள் இந்த வயதில் வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். ஓடும் வண்டியில் எதைக் கொடுத்தாலும் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நிறுத்திய காருக்குள் குழந்தையை ஒரு நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்திலேயே வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பலன் கிடையாது. சின்னக் குழந்தையின் உடல் பெரியவர்களுடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். மறதிதான் பெரும்பாலும் காரணம் என்பதால், என் கைப்பையை எப்போதும் பின் இருக்கையில் மகள் பக்கத்திலேயே வைக்கிறேன். இறங்கும்போது பின்கதவைத் திறந்தே ஆக வேண்டும். அப்புறம், வண்டி வெயிலில் நின்றிருந்தால் இருக்கைப் பட்டையின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அது தோலைச் சுடும்.

படி 6: வீட்டுக்குள் முதல் அரை மணி நேரம்

பெட்டியைப் பிரிக்காதீர்கள். ஒருவர் குழந்தையை வாசலில் வைத்திருக்க, மற்றவர் முழங்காலில் உட்கார்ந்து வீடு முழுக்கத் தவழ்ந்து பாருங்கள். குழந்தையின் கண் உயரத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடக்கும் மாத்திரை, எட்டும் உயரத்தில் தொங்கும் திரைச்சீலைக் கயிறு, பாத்திரத் தொட்டிக்குக் கீழே இருக்கும் கழிவறை சுத்தம் செய்யும் திரவம் எல்லாம் அப்போது கண்ணில் படும். கயிறுகளைச் சுருட்டி மேலே கட்டுங்கள். திரவங்களை உயரமான அலமாரிக்கு மாற்றுங்கள்.

ரிமோட்டுகளை எடுத்துப் பின்மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். சில ரிமோட்டுகளில் பொத்தான் போன்ற வட்ட பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், காத்திருக்கக் கூடாது.

குளியலறைக் குழாயில் வெந்நீர் எவ்வளவு சூடாக வருகிறது என்பதையும் அப்போதே பாருங்கள். 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே ஆழமான தீப்புண்ணை உண்டாக்கும். தொட்டியில் முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு வெந்நீர், கலக்கிவிட்டு முழங்கையால் சோதனை. இந்த வரிசையை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பக்கத்து மருத்துவமனை எங்கே, எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். சரி, இப்போது பெட்டியைத் திறக்கலாம்.

படி 7: வெயில்

கைப்பேசியின் வானிலைச் செயலியில் வெப்பநிலைக்குக் கீழே புற ஊதாக் குறியீடு என்று ஓர் எண் இருக்கும். அது 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்புத் தேவை. 8 அல்லது அதற்கு மேல் போனால் நடுப்பகலில் வெளியே போகாமல் இருப்பதே நல்லது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் கதிர் குறைந்துவிடாது, மெல்லிய மேகத்தையும் தாண்டி அது வரும். எண்ணைப் பார்க்க முடியாவிட்டால் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை.

வரிசை இப்படி: முதலில் நிழல், அடுத்து உடுப்பு, கடைசியில்தான் சன்ஸ்கிரீன். நெருக்கமாக நெய்த, முழுக்கை உள்ள தளர்வான துணி நல்லது. சாதாரணப் பருத்தித் துணி நனைந்தால் கதிரை அதிகம் உள்ளே விடும். தொப்பியின் விளிம்பு காதையும் பின்கழுத்தையும் மறைக்க வேண்டும். துணி மூடாத இடங்களுக்கு மட்டும் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன். வெளியே போவதற்குப் பதினைந்து முதல் முப்பது நிமிடம் முன்பு தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரில் ஆடிய பிறகும் மறுபடி தடவ வேண்டும். ஊருக்குக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே கையில் சிறிது தடவி, தோல் சிவக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கும் குறைவான தங்கையோ தம்பியோ கூட வந்தால், அந்தக் குழந்தைக்கு நிழலும் துணியும்தான்.

தள்ளுவண்டியின் மேல் துணியைப் போர்த்தி நிழல் தருவது பலரும் அன்போடு செய்யும் தவறு. காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் ஏறுகிறது. குடை மாட்டுங்கள், காற்று போகட்டும்.

தாகம் எடுக்கிறது என்று இந்த வயதில் சொல்லத் தெரியாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே இரண்டு மிடறு தண்ணீர் கொடுத்துக்கொண்டிருங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் டயப்பர் நனையவில்லை, வாய் வறண்டிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு கிடக்கிறது என்றால் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

சறுக்கு மரத்தில் ஏற்றுவதற்கு முன் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கும்கூடச் சுடும்.

படி 8: வெளியே போய் என்ன செய்வது?

அதிகம் ஒன்றுமில்லை, அதுதான் இதன் அழகு. இந்த வயதில் நூறு அடி தூரத்தைக் கடக்க அரை மணி நேரம் ஆகும். எறும்புச் சாரியைப் பார்க்க வேண்டும், கூழாங்கல்லைப் பொறுக்க வேண்டும், வேலிக்குப் பின்னால் குரைக்கும் நாய்க்குப் பதில் சொல்ல வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள். என் மகள் அந்த நான்கு நாளில் அதிக நேரம் செலவிட்டது தெருமுனையில் தானாகச் சுழலும் ஒரு புல்வெளித் தண்ணீர்த் தெளிப்பானுக்கு முன்னால். ஒவ்வொரு காலையும் அங்கே போக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தாள், நாங்களும் போனோம்.

ஒரு நாள் பொது நூலகத்துக்குப் போனோம். குழந்தைகள் பகுதி இருந்தால் குளிர்ச்சியாகவும் இருக்கும், காசும் ஆகாது. புது இடம் ஒன்று, பழகிய இடம் ஒன்று என்று ஒவ்வொரு நாளையும் கலந்து வையுங்கள். கொசு இருக்கும் ஊரானால் காலையிலும் மாலையிலும் முழுக்கால் உடை போடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. கொசு விரட்டி தடவுவதானால் சன்ஸ்கிரீனுக்கு மேல் தடவுங்கள். குழந்தையின் கையில் தடவ வேண்டாம், வாய்க்குப் போகும்.

படி 9: தண்ணீரில் விளையாடும்போது

குழந்தை மூழ்குவதற்குச் சில சென்டிமீட்டர் ஆழமே போதும். அலறலோ தண்ணீரை அடிக்கும் சத்தமோ இருக்காது. அதனால் எட்டித் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். வீட்டில் நான்கு பேர் இருக்கும்போது ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துவிடுவோம். நாங்கள் பேர் சொல்லிப் பொறுப்பு மாற்றினோம்: “அம்மா, இனி நீங்கள் பாருங்கள்”, “சரி, நான் பார்க்கிறேன்” என்று பதில் வந்த பிறகுதான் நகருவது. பொறுப்பில் இருப்பவர் கைப்பேசியைத் தொடக் கூடாது. காற்றடைத்த கைப்பட்டைகளை நம்ப வேண்டாம், அவை கழன்றுவிடும். விளையாடி முடிந்ததும் வாளி, சின்னத் தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள்.

படி 10: திரும்புவது

கடைசி நாளில் புது இடம் எதுவும் வேண்டாம். காலையில் பழகிய பூங்காவுக்குப் போய் நன்றாக ஓடவிட்டு, சாப்பாடு கொடுத்து, தூக்க நேரத்துக்கு முன் கிளம்புங்கள். வீட்டைப் பூட்டுவதற்கு முன் படுக்கைக்கு அடியிலும் சோபா இடுக்கிலும் பாருங்கள். கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை அங்கேதான் கிடக்கும். வீடு வந்து சேர்ந்த மறுநாளும் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் பழைய நேரத்துக்குத் திரும்ப ஓரிரு நாள் ஆகும், இரவில் எழுந்து அழுதாலும் பயப்பட வேண்டாம். எங்கள் மகள் மூன்றாம் நாள் தானாகவே பழைய நேரத்துக்குத் தூங்கினாள். அதுவரை ஒவ்வொரு காலையும் வாசலுக்குப் போய்த் தண்ணீர்த் தெளிப்பானைத் தேடிக்கொண்டிருந்தாள்.