நெக்ஸ்ட்ஃப்ளோல லிஸ்ட் குடுக்குறப்ப எதோட எது சேருதுன்னு பாத்துக்கங்க

நெக்ஸ்ட்ஃப்ளோ (நெறய ஃபைல பல ப்ரோக்ராம் வழியா அடுத்தடுத்து ஓட்டுற டூல்) புதுசா பழகுறவங்க முதல்ல ஃபார் லூப் (ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்யச் சொல்ற கோடு) எங்கன்னு தான் தேடுறாங்க. தேடாதீங்க, தேவப்படாது. சேனல்ல (ஃபைலுங்க ஒன்னொன்னா போற குழாய் மாதிரி) 12 ஃபைல் போட்டா ப்ராசஸ் (ஒவ்வொரு ஃபைலுக்கும் செய்யுற வேல) தானாவே 12 தடவ ஓடும். ரெண்டாவது இன்புட்டு வந்தா தான் தலவலி.

நான் மாட்டுனது இப்பிடித்தான். தலவாக்கலைப் பக்கம் எடுத்த தேயிலை சாம்பிள் 12, ரெஃபரன்ஸ் ஜீனோம் (எல்லா சாம்பிளையும் ஒப்பிட்டுப் பாக்குற முழு டிஎன்ஏ ஃபைல்) ஒன்னே ஒன்னு, ரெண்டையும் சேனல் டாட் ஆஃப்-ல குடுத்து ராத்திரி ஓட விட்டுட்டு படுத்துட்டேன், விடிஞ்சு பாத்தா ஒரு சாம்பிள் தான் முடிஞ்சிருக்கு, எரர் ஒன்னுமே இல்ல, '1 ஆஃப் 1'னு டிக் வேற போட்டிருக்கு! சேனல் டாட் ஆஃப் குடுக்குறது க்யூ சேனல், அதுல இருக்கறது ஒரு தடவ எடுத்தா தீந்துரும், எந்த இன்புட்டு தீந்தாலும் ப்ராசஸ் நின்னுரும். அதனால எல்லாருக்கும் பொதுவான ஃபைல சேனல் டாட் வேல்யூல குடுங்க, அது எத்தன தடவ எடுத்தாலும் தீராது.

இதவிட மோசமானது வரிசை. கொழுந்து நிறுக்கிற எடத்துல செக்ரோல் நம்பர் (ஒவ்வொரு தொழிலாளிக்கும் உள்ள பதிவு நம்பர்) பாக்காம, கூடை வந்த வரிசைக்கு கிலோ எழுதுனா என்னாகும்? ஒருத்தி பறிச்சது இன்னொருத்தி பேர்ல விழும். இங்கயும் அதே கததான், ரிசல்ட் வர்றது நீங்க குடுத்த வரிசைல இல்ல, எது முதல்ல முடியுதோ அது முதல்ல. ரெண்டு சேனல சும்மா பக்கத்துல வச்சா மூனாவது சாம்பிளோட பாம் (BAM) ஃபைல், அதாவது ரெஃபரன்ஸோட பொருத்தி அடுக்குன டிஎன்ஏ ஃபைல், ஏழாவதோட ரிப்போட்டோட சேந்துரும், எரரும் வராது. அதனால ஒவ்வொரு ஃபைலோடவும் சாம்பிள் ஐடிய டியூப்பிளா (ஒரே பொட்டலமா) கட்டி கடைசி வரைக்கும் தூக்கிட்டுப் போங்க, சேக்குற எடத்துல ஜாயின் போடுங்க, அது ஐடி ஒத்துப்போறத மட்டும் ஜோடி சேக்கும். ஜாயின்ல ஜோடி இல்லாதது சத்தமில்லாம காணாமப் போயிரும், ஃபெயில்ஆன்மிஸ்மேட்ச்ச ட்ரூன்னு வச்சா கத்தி நிக்கும். எனக்கு எக்செல் ஷீட்ல ஐடிக்குப் பின்னால ஒரு ஸ்பேஸ் இருந்து ரெண்டு சாம்பிள் போச்சு.

ஒரு சேனல்ல உள்ள ஒவ்வொன்னையும் இன்னொரு சேனல்ல உள்ள எல்லாத்தோடவும் சேக்கணும்னா காம்பைன். ஆனா கணக்குப் போட்டுட்டு போடுங்க, 12 சாம்பிள் 5 செட்டிங்னா 60 வேல, பழைய லேப்டாப் தாங்குமா? நடுவுல கரண்ட் போனா மைனஸ் ரிஸ்யூம் போட்டு ஓட்டுங்க, முடிஞ்சத திரும்ப செய்யாது.

ஓட விடுறதுக்கு முந்தி சேனல் பின்னால டாட் வியூ போட்டு ஒரு தடவ பாருங்க, ஐடியும் ஃபைல் பேரும் ஒரே வரில ஒத்துப்போகுதான்னு.