மனச்சோர்வுக்கும் வலிக்கும் மூலிகை: எதை, எவ்வளவு, எதோடு சேர்க்கக் கூடாது

மனச்சோர்வும் நாள்பட்ட வலியும் பல நேரங்களில் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கும். மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைக்குச் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற நரம்பு வேதிப்பொருள்கள் வேண்டும். மனநிலையிலும் இவை இரண்டுக்கும் பங்குண்டு. டுலோக்செட்டின் என்ற ஒரே மாத்திரையை இரண்டு தொல்லைக்கும் எழுதிக் கொடுப்பது இதனால்தான். மூலிகை எடுப்பவர்களுக்குச் சிக்கல் வருவதும் இங்கேதான். மனதுக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று, டாக்டர் ஏற்கெனவே கொடுத்தது ஒன்று என மூன்றும் வயிற்றுக்குள் சந்திக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பயமாகத் தெரியாது.

அதனால் மூலிகை வாங்கும் முன் ஒரு தாளில் நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் எழுதுங்கள். கருத்தடை மாத்திரை, இருமல் மருந்து, சத்து மாத்திரை எதையும் விட வேண்டாம். அதை டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். அடுத்து, இப்போதைய நிலையை எண்ணாகக் குறித்துக்கொள்ளுங்கள். வலிக்கு 0 முதல் 10 வரை போதும். மனநிலைக்குப் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் இருக்கிறது. மொத்தம் 27 மதிப்பெண். 5 முதல் 9 வரை லேசான சோர்வு. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் சொந்த வைத்தியம் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு பதில் வந்தால் மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் அன்றைக்கே உதவி தேடுங்கள். இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் கீழே சொல்லும் மனநிலை மூலிகை எதையும் தாமாகத் தொடங்கக் கூடாது. மனம் எதிர்ப்பக்கம் எகிறி, மேனியா என்ற கட்டுக்கடங்காத உற்சாக நிலை கிளம்பலாம்.

மனச்சோர்வுக்கு அதிகம் ஆராயப்பட்ட செடி செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மஞ்சள் பூ பூக்கும் இதன் பூத்த நுனிகள்தான் மருந்து. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2008 தொகுப்பாய்வு 29 சோதனைகளை அலசி, வெற்று மாத்திரையைவிட இது நன்றாக வேலை செய்கிறது, வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகளுக்கு ஈடாக நிற்கிறது என்று சொன்னது. சோதனைகளில் பரவலாகக் கொடுத்த அளவு, செடியில் உள்ள ஹைபெரிசின் என்ற பொருள் 0.3 சதவீதம் இருக்கும்படி தரப்படுத்திய சாறு 300 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. இதைத் தேநீராகப் போட்டுக் குடிப்பவர்கள் உண்டு. ஆனால் வேலை செய்யும் பொருள்களில் முக்கியமான ஹைபெர்ஃபோரின் தண்ணீரில் சரியாகக் கரையாது, காற்றும் வெளிச்சமும் பட்டால் சிதையும். அந்தத் தேநீரில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. மாத்திரையானாலும் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டாம் வாரமே கைவிடுவதுதான் வழக்கமான தவறு.

அதைவிடப் பெரிய தவறு வேறொன்று. இந்தச் செடி கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியைப் பெருக்கிவிடும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின், எச்.ஐ.வி. மருந்துகள் பல ரத்தத்தில் குறைந்துபோகும். இதய மருந்தான டிகாக்சினும் குறையும், வேறொரு வழியில். உறுப்பு மாற்றம் செய்துகொண்டவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. நிறுத்திய பிறகும் இந்த விளைவு இரண்டு வாரம் வரை நீடிக்கும். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் செரட்டோனின் மிஞ்சிப்போகும். வலி மாத்திரையான டிரமடாலோடும் அப்படியே. நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம், காய்ச்சல் என்று தொடங்கினால் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். ஏற்கெனவே எடுக்கும் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டு மறுநாளே இதற்கு மாறுவதும் கூடாது. அவற்றில் ஒன்றான ஃப்ளுஆக்செட்டின் உடம்பைவிட்டுப் போகவே ஐந்து வாரம் வரை ஆகும்.

குங்குமப்பூவும் லேசான, நடுத்தரச் சோர்வுக்கு ஆறு முதல் எட்டு வாரச் சோதனைகளில் பலன் காட்டியிருக்கிறது. அளவு நாளுக்கு 30 மில்லிகிராம், இரு வேளையாகப் பிரித்து. காய்ந்த இழை ஒன்று ஏறக்குறைய 2 மில்லிகிராம் என்பதால் நாளுக்குச் சுமார் 15 இழை. ஆனால் சோதனைகளில் பெரும்பாலும் கொடுத்தது சாறடைத்த கேப்ஸ்யூல். இழையை ஊறவைத்துக் குடித்தால் அதே பலன் என்று உறுதி சொல்ல முடியாது. கலப்படமும் அதிகம். வெதுவெதுப்பான நீரில் இரண்டு இழையைப் போட்டுப் பாருங்கள். அசல் என்றால் நீர் மெதுவாகப் பொன்மஞ்சளாகும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்ட நொடியே சிவப்பு கசிந்து இழை வெளுத்தால் அது சாயம். 5 கிராமுக்கு மேல் நஞ்சு. கர்ப்பிணிகள் மருந்தளவில் எடுக்க வேண்டாம்.

வலிக்கு வருவோம். நம்பி இறங்கக்கூடியது மிளகாயிலிருந்து வரும் கேப்சைசின் களிம்பு. முழங்கால், கைவிரல் மூட்டுத் தேய்மான வலிக்கு 0.025 சதவீதக் களிம்பு. அக்கி வந்து போன பிறகு நிற்கும் நரம்பு வலிக்கு 0.075. புண் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பட்டாணி அளவு எடுத்து, உலர்ந்த தோலில், நாளுக்கு நான்கு முறை, முழுதாக மறையும்வரை தேயுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கைவிரலுக்கே பூசினால் அரை மணி நேரம் கழித்துக் கழுவுங்கள்; அதுவரை கண் பக்கம் கை போகக் கூடாது. வெந்நீர்க் குளியலுக்குச் சற்று முன்போ பின்போ பூசினால் எரிச்சல் பல மடங்காகும். முதல் வாரம் எப்படியும் எரியும். வலியுணரும் நரம்பு முனைகளை இது முதலில் தூண்டி, தொடர்ந்து பூசப் பூசத்தான் மரக்க வைக்கிறது. வலிக்கும்போது மட்டும் பூசினால் எரிச்சல் மிஞ்சும், நிவாரணம் வராது. பலனைத் தீர்மானிக்க இரண்டு முதல் நான்கு வாரம் கொடுங்கள். மிளகாயை எண்ணெயில் காய்ச்சி வீட்டில் செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. காரம் எவ்வளவு என்று தெரியாமல் தோல் வெந்துபோகும்.

மாதவிடாய் வலிக்குச் சுக்குப் பொடி நல்ல தேர்வு. நாளுக்கு 1 கிராம், அதாவது தலைதட்டிய அரைத் தேக்கரண்டி, நான்காகப் பிரித்து உணவோடு, முதல் மூன்று நாள். வலி உச்சத்துக்குப் போன பிறகு தொடங்கினால் அவ்வளவாகக் கேட்காது.

மஞ்சளைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு தேக்கரண்டிப் பொடி சுமார் 3 கிராம். அதில் வேலை செய்யும் பொருளான குர்குமின் 3 சதவீதம் போல, அதாவது 90 மில்லிகிராம். மூட்டு வலிச் சோதனைகளில் கொடுத்ததோ பெரும்பாலும் 500 முதல் 1,500 மில்லிகிராம் சாறு. சமையலில் போடும் மஞ்சளை வலி மருந்து என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். மிளகின் பைப்பரின் சேர்த்த மாத்திரைகள் நன்றாக உறிஞ்சப்படும்; கூடவே மற்ற மருந்துகளும் அதிகம் உறிஞ்சப்படலாம். இவ்வகை மாத்திரைகளால் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு. சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளானாலோ நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பித்தக்கல் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரைகள் வேண்டாம்.

இடுப்பு வலிக்கு வில்லோ மரப்பட்டை: பட்டையில் உள்ள சாலிசின் என்ற பொருள் நாளுக்கு 120 முதல் 240 மில்லிகிராம் வரும் சாறு. ஆஸ்பிரினின் உறவுக்காரர் என்பதால் ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், குழந்தைகள், வயிற்றுப் புண் உள்ளவர்கள் தொடக் கூடாது. பல்வலிக்குக் கிராம்பு எண்ணெயை நாலு பங்கு சமையல் எண்ணெயில் கலந்து பஞ்சில் தொட்டு வையுங்கள். நேரடியாக வைத்தால் ஈறு வெந்துவிடும். அது ஒரு நாள் தள்ளிப்போட மட்டும். சொத்தை அங்கேயேதான் இருக்கும்.

எதைத் தொடங்கினாலும் ஒன்றை மட்டும் தொடங்கி, வாராவாரம் எண்ணைக் குறியுங்கள். ஆறு வாரத்தில் எண் நகரவில்லை என்றால் அளவை ஏற்றாமல் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அறுவைச் சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே எல்லா மூலிகையையும் நிறுத்தி, மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். ஒரு விதிவிலக்கு, வார்ஃபரினோடு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் எடுத்துக்கொண்டிருப்பவர். அவர் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் வார்ஃபரின் ஏறி ரத்தக்கசிவு வரலாம். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையோடுதான் நிறுத்த வேண்டும்.