கமான் பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றுவது எப்படி? கரடுமுரடான பாதைக்கு வண்டியைத் தயார்செய்யும் முறை

வண்டியைக் கரடுமுரடான பாதைக்கு மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை அங்குலம் தூக்கலாம்?" என்பதைத்தான். நான் கேட்கச் சொல்வது வேறு: ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி நிற்கும்போது மற்ற மூன்றும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்குமா? அதற்குத் தேவையான உயரம் போதும். அதற்குமேல் ஏற்றும் ஒவ்வொரு அங்குலமும் பக்கச் சரிவில் வண்டி கவிழும் வாய்ப்பைக் கூட்டும்.

இங்கே விளக்கப்போவது, முன்னும் பின்னும் ஒரே கட்டையான ஆக்ஸில் உள்ள நான்கு சக்கர இயக்க வண்டிக்கு. அதில் வண்டியின் பாரத்தைத் தாங்கும் வளைந்த இரும்புக் கட்டான கமான் பட்டை ஆக்ஸில் குழாய்க்குக் கீழே மாட்டியிருக்க வேண்டும். அந்தப் பட்டையைக் குழாய்க்கு மேலே கொண்டுவருகிறோம். குழாயின் விட்டம், பட்டைக் கட்டின் தடிமன், பட்டை உட்காரும் சீட்டுகளின் உயரம் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 5 அங்குலம் உயரும். பழைய பட்டையே தொடர்வதால் அதன் மென்மை குறையாது. அதிகம் வளைத்த விறைப்பான பட்டை போட்டு உயர்த்துவதைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம் அதுதான்.

டயரை முதலில் முடிவு செய்யுங்கள்

சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் ஆக்ஸிலின் நடுவில் கியர்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் குடம் ஒரு அங்குலம்கூட மேலே வராது. அது ஆக்ஸிலோடு சேர்ந்தது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. 28 அங்குல டயரைக் கழற்றி 33 அங்குலம் போட்டால் குடம் இரண்டரை அங்குலம் உயரும். சஸ்பென்ஷனை உயர்த்துவது அந்த டயர் மட்கார்டில் உரசாமல் சுழல்வதற்காக.

பெரிய டயர் ஆக்ஸிலின் கியர் விகிதத்தையும் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, ஆக்ஸிலுக்கு வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) பாதிக்கும். பழைய விகிதத்தைப் புதிய டயரின் விட்டத்தால் பெருக்கி, பழைய டயரின் விட்டத்தால் வகுங்கள். 3.73 இருந்த வண்டிக்கு இந்தக் கணக்கில் 4.4 வரும். சந்தையில் கிடைப்பவற்றில் 4.56 எடுத்தால் மெதுவாக ஏறும் இடங்களில் இழுவை தாராளமாக இருக்கும். முன் ஆக்ஸிலிலும் பின் ஆக்ஸிலிலும் ஒரே விகிதம்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதுமே, எஞ்சினின் சுழற்சியை இரு ஆக்ஸிலுக்கும் பிரித்தனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

கழற்றும் முன் அளவெடுங்கள்

சமதளத்தில் நிறுத்தி, நான்கு மூலையிலும் சேஸிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள இடைவெளி, இரு பினியன்களின் (ஆக்ஸிலுக்குள் சுழற்சியைக் கொண்டுவரும் கியர் தண்டு) கோணம், முன் சக்கரத்தின் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு), பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் சேஸிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) இடைவெளி எல்லாவற்றையும் எழுதிவைத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டைத் தளர்த்தும் முன் பட்டையில் பாரம் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

பின் ஆக்ஸில்

ஸ்டியரிங் இல்லாததால் முதலில் பின்பக்கத்தை எடுங்கள். பட்டை உட்காரும் புதிய சீட்டுகளைக் குழாயின் மேல் வையுங்கள், ஆனால் வெல்டு வேண்டாம். யூ போல்ட்டை லேசாகப் பிடித்து, சக்கரம் மாட்டி, வண்டியின் முழு எடையையும் சக்கரங்களின் மேல் இறக்குங்கள். இப்போது பினியனைத் தேவையான கோணத்துக்குத் திருப்பலாம். ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஒற்றை யூ ஜாயின்ட் (வளைந்தபடி சுழலும் மூட்டு) இருந்தால், பினியனும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் வெளித்தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாயின்ட் இருந்தால் பினியன் நேராக அதை நோக்க வேண்டும். கோணம் சரியானதும் புள்ளி வெல்டு மட்டும் வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

என் முதல் வண்டியில் எடையை இறக்காமலேயே சீட்டை முழுவதும் வெல்டு செய்துவிட்டேன். எடை இறங்கியதும் கோணம் மாறி, வேகம் எடுத்தால் வண்டி முழுக்க அதிர்ந்தது. சீட்டை அறுத்தெடுத்து மறுபடி வைக்க இரண்டு நாள் போனது.

இறுதி வெல்டைச் சிறுசிறு துண்டுகளாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு வையுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் சூட்டில் குழாய் வளையும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். நடுக் குடம் வார்ப்பாக இருந்தால் சாதாரண ராடால் அதைத் தொட வேண்டாம். வண்டியின் பாரம் முழுவதையும் தாங்கும் வெல்டு இது. கை பழகியவரிடமே கொடுங்கள்.

பட்டை மேலே போனதும் இன்னொரு சிக்கல் வரும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு பட்டை எஸ் வடிவில் வளையும், சக்கரம் துள்ளும். ஆக்ஸிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு டார்க் ராட் போட்டால் அது அடங்கும். ஆனால் சேஸிஸ் பக்க முனையை ஷேக்கிளில் (முன்னும் பின்னும் ஆடும் இணைப்பு) தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் ஆக்ஸில் சாய்வதையே அது தடுத்துவிடும்.

முன் ஆக்ஸில்

இங்கே அவசரப்படவே வேண்டாம். பினியனை மேலே திருப்பினால் காஸ்டர் குறையும், ஏனென்றால் முன் சக்கரங்களைத் தாங்கித் திருப்பும் நக்கிள் இரண்டும் அதே குழாயில்தான் இருக்கின்றன. காஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, சாலையில் வண்டி அலையும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிவந்தால் நான் காஸ்டரைத்தான் காப்பாற்றுவேன். தயாரிப்பாளர் கொடுத்த அளவை வைத்துக்கொண்டு, பினியன் கோணத்தை இரட்டை ஜாயின்ட் ஷாஃப்ட்டால் சமாளிக்கலாம்.

ஸ்டியரிங் பெட்டியிலிருந்து நக்கிளுக்குப் போகும் ராடான டிராக் லிங்க் இப்போது அதிகமாகச் சரிந்து நிற்கும். பள்ளத்தில் ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது அந்த ராடே ஸ்டியரிங்கை இழுக்கும். நக்கிளின் மேல்பக்கம் உயர் ஸ்டியரிங் ஆர்ம் பொருத்தி ராடைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் சரியான தீர்வு. உயரத்தை ஈடுகட்ட முன் ஆக்ஸிலில் பிளாக் கட்டை வைப்பதோ, எந்த ஆக்ஸிலிலும் கட்டைமேல் கட்டை அடுக்குவதோ வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது நழுவிப்போக வாய்ப்பு உண்டு.

குழாய்கள், ஷாக், சோதனை

பிரேக் ஹோஸ் நீளமாக மாற வேண்டும். ஆக்ஸில் முழுவதும் தொங்கும் நிலையிலும் அது விறைக்கக் கூடாது. ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயை எஞ்சின் அறை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும்.

ஷாக் அப்சார்பரைக் கடைசியாக வாங்குங்கள். ஃபோர்க்லிஃப்ட்டிலோ சாய்தளத்திலோ ஒரு சக்கரத்தை மட்டும் உயர்த்தி, ஒரு பக்கம் முழுக்க அமுங்கி மறுபக்கம் முழுக்கத் தொங்கும் நிலையில் அளவெடுங்கள். ஷாக் அடிமட்டம் தொடும் முன்பே பம்ப் ஸ்டாப் தொட்டுவிட வேண்டும். அதே நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, எங்கே உரசுகிறது, புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஸ்ப்லைனிலிருந்து (நீளவாக்கில் நகரும் பல் இணைப்பு) எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பாருங்கள்.

யூ போல்ட் எல்லாம் புதிதாக இருக்கட்டும். ஒருமுறை இழுபட்ட போல்ட் பழைய பிடியைத் தராது. எடை இறங்கிய நிலையில் குறுக்குக் குறுக்காக, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பொதுச் சாலையில் ஓட்டும் முன் உங்கள் பகுதியில் இந்த மாற்றத்துக்கு அனுமதியும் பரிசோதனையும் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கி, டார்ச்சோடு அடியில் படுத்துப் பாருங்கள். பெயின்ட் தேய்ந்து பளபளக்கும் இடம் தெரிந்தால், அங்கே ஏதோ ஒன்று உரசுகிறது. அதைச் சரிசெய்த பிறகு மலைப்பாதைக்கு எடுங்கள்.