வீட்டில் ஒரு கியூப மாலை

விருந்துக்கு முதலில் தெரிவு செய்ய வேண்டியது இசையை. கியூபாவின் கிழக்குப் பகுதியில் உருவாகி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவானாவை அடைந்த 'சோன்' இசை இதற்கு மிகவும் ஏற்றது. 1927-இல் தொடங்கப்பட்ட செப்தேத்தோ நசியோனால் குழுவின் பாடல்களிலிருந்து தொடங்கலாம். 'கிளாவே' எனப்படும் இரு மரக்கட்டைகள் ஒன்றோடொன்று மோதி எழுப்பும் ஐந்து தட்டுகள் காதுக்குப் பிடிபட்டுவிட்டால், விருந்தினரின் விரல்கள் தாமாகவே மேசையில் தாளம் போடும்.

உணவுக்குக் கருப்பு பீன்ஸ் சோறு போதும். பீன்ஸை முதல்நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் வேகவைத்த பின், அந்த நீரைக் கொட்டிவிடாமல் அதிலேயே அரிசியையும் சமைக்க வேண்டும். சோற்றின் கருநிறம் அந்த நீரிலிருந்துதான் வருகிறது. வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் ஆகியவற்றைச் சீரகத்துடனும் பிரிஞ்சி இலையுடனும் வதக்கிச் சேர்க்கவும். பாசுமதி அரிசியைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. அதன் வாசனை மற்றவற்றை அமுக்கிவிடுகிறது.

பானம் மொஹீத்தோ. உயரமான கண்ணாடிக் குவளையில் எட்டுப் புதினா இலைகள், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, 20 மி.லி. எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை இட்டு, இலைகளை மெல்ல அழுத்த வேண்டும். துவையலுக்கு இடிப்பதுபோல் இடித்தால் கசப்பு இறங்கிவிடும். பிறகு 45 மி.லி. வெள்ளை ரம்மும் பனிக்கட்டியும் சேர்த்து, சோடாவால் நிரப்பவும். மது அருந்தாதவருக்கு ரம் இல்லாமலே இது சுவைக்கும். உண்ணும்போது இசையைத் தாழ்வாக வைத்து, தட்டுகளை எடுத்த பிறகு ஒலியைக் கூட்டலாம்.