பத்துப் பேருக்கும் மூச்சு 20 தானா? மியோஸ் சார்ட் போடப் பழகலாம்

நான் வேலை பார்த்த போஸ்ட்நேட்டல் (பிரசவமான தாய்மார்கள் இருக்கும்) வார்டுகளில் ஒரு அதிசயம் உண்டு. கேஸ் ஷீட்டுகளை வரிசையாகப் புரட்டினால் பல்ஸ் ஆளுக்கு ஆள் மாறும், பி.பி. மாறும். மூச்சு மட்டும் பத்துப் பேருக்கும் 20. யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவள்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து பி.எச்.சி.களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். சித்தேரியிலிருந்தோ அஞ்செட்டிக் காட்டிலிருந்தோ வரும் தாய் மோசமான பிறகு கவனித்தால், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியே நேரத்தைத் தின்றுவிடும். முன்கூட்டியே பிடிக்க உதவுவது மியோஸ் (MEOWS) சார்ட், அதாவது பல்ஸ், பி.பி., மூச்சு போன்றவற்றைக் குறித்துவந்தால் ஆபத்தை வண்ணத்தில் காட்டும் தாள். பிரிட்டனில் 2003 முதல் 2005 வரை நடந்த தாய் மரணங்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கை, இதை எல்லா இடத்திலும் வழக்கமாகப் பயன்படுத்தச் சொன்னது. ஆபத்தின் அறிகுறி முன்னாடியே தெரிந்தும் கவனிக்காமல் விட்ட கேஸ்கள் அதில் நிறைய.

முதலில், உண்மையாக எண்ணுங்கள்

வாட்ச்சைப் பார்த்து முழு ஒரு நிமிஷம் மூச்சை எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒன்று தவறினாலும் நாலாகிவிடும். "மூச்சு எண்றேன்மா" என்று சொன்னால் அவர் மூச்சை மாற்றிக்கொள்வார். பல்ஸ் பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டே வயிற்றைக் கவனியுங்கள். இவ்வளவு வற்புறுத்தக் காரணம், கிருமித்தொற்று ரத்தத்தில் பரவும்போதும் நுரையீரலில் நீர் கோக்கும்போதும் பி.பி. இறங்குவதற்கு முன்பே மூச்சு ஏறிவிடும்.

பி.பி.க்கு உட்கார வைத்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, கைக்கேற்ற கஃப் கட்டுங்கள். குண்டான கைக்குச் சின்ன கஃப் கட்டினால் பி.பி. பொய்யாக ஏறிக் காட்டும். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) பார்க்கும்போது விரலில் மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்தால் வேறு விரலுக்கு மாற்றுங்கள். வளைகாப்பு முடிந்து வருபவர்களிடம் இது அடிக்கடி நடக்கும்.

அடுத்து, வண்ணம்

சிவப்பு: மூச்சு 10க்குக் கீழ் அல்லது 30க்கு மேல். சாச்சுரேஷன் 95க்குக் கீழ். உடல் சூடு 38 டிகிரிக்கு மேல் (நம் தெர்மாமீட்டரில் 100.4) அல்லது 35க்குக் கீழ். பல்ஸ் 120க்கு மேல் அல்லது 40க்குக் கீழ். மேல் பி.பி. 160க்கு மேல் அல்லது 90க்குக் கீழ். கீழ் பி.பி. 100க்கு மேல். கூப்பிட்டால் பதில் இல்லை.

மஞ்சள்: மூச்சு 21–30, பல்ஸ் 100–120 அல்லது 40–50, மேல் பி.பி. 150–160 அல்லது 90–100, கீழ் பி.பி. 90–100, சூடு 35–36, கூப்பிட்டால் மட்டும் கண் திறப்பது.

ஒரு சிவப்பு வந்தாலும், இரண்டு மஞ்சள் வந்தாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும். மேல் பி.பி. 140 இந்தச் சார்ட்டில் மஞ்சளில்கூட வராது. ஆனால் நம் கர்ப்பிணிகளுக்கு 140/90 என்றாலே பி.பி. கேஸ்தான். சார்ட்டில் வண்ணம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

விடிகாலை மூன்றரைக்குச் சுகப்பிரசவம். ஐந்து மணிக்குப் பார்க்கிறீர்கள்: பல்ஸ் 112, பி.பி. 98/60, மூச்சு 24, சூடு சரி. "ஒல்லிப் பொண்ணு, பி.பி. எப்பவும் இவ்வளவுதான்" என்று சொல்லத் தோன்றும். சார்ட்டில் மூன்று மஞ்சள். இனி பல்ஸை மேல் பி.பி.யால் வகுங்கள்: 112 ÷ 98, ஏறக்குறைய 1.14. ஷாக் இண்டெக்ஸ் என்பது இதுதான், 0.9ஐத் தாண்டினாலே உஷாராக வேண்டும். கர்ப்பத்தில் ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடியிருப்பதால், நிறைய ரத்தம் போன பிறகும் பி.பி. தாக்குப்பிடித்து நிற்கும். காட்டிக்கொடுப்பது பல்ஸ். போர்வையை விலக்கி பேடைப் பாருங்கள், இடுப்புக்குக் கீழே கைவிட்டுப் பாருங்கள், கர்ப்பப்பை கெட்டியாக இருக்கிறதா தொட்டுப் பாருங்கள். பிரசவமான முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

போனில் எப்படிச் சொல்வது

"மேடம், பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க" என்றால் மறுமுனையில் தூக்கம் கலையாது. இப்படிச் சொல்லுங்கள்: "மேடம், மூன்றரைக்கு நார்மல் டெலிவரி. பல்ஸ் 112, பி.பி. 98/60, மூச்சு 24, மூணு மஞ்சள். யூட்ரஸ் தளர்வா இருக்கு, பேடு நனைஞ்சிருச்சு. மசாஜ் பண்றோம், லைன் போட்டாச்சு. நீங்க உடனே வரணும், டிரானெக்ஸாமிக் ஆசிட் போடலாமா?" ரத்தப்போக்கை நிறுத்த உதவும் அந்த மருந்தைப் பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் கேட்கத் தயங்காதீர்கள். கூப்பிட்ட நேரத்தையும் கிடைத்த பதிலையும் எழுதி வையுங்கள். 108ஐ அழைப்பதென்றால், சேரும் ஆஸ்பத்திரிக்கும் முன்னாடியே போன் போய்விட வேண்டும்.

பொய் அலாரம் அடிக்குமா? அடிக்கும். இங்கிலாந்தில் 676 பேரிடம் சோதித்து 2012இல் வெளியிட்டதில் 200 பேருக்கு அலாரம் அடித்தது. அதில் நிஜமாகவே நோய் இருந்தது நூற்றுக்கு 39 பேருக்குத்தான். டாக்டர் ஒருமுறை சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்குப் போகும்போது

சார்ட் வார்டோடு நின்றுவிடும், ஆபத்து நிற்காது. தலைப்பிரசவத்துக்குப் பெரும்பாலும் தாய்வீடு என்பதால் பெண்ணோடு அவள் அம்மாவையும் உட்கார வையுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், காய்ச்சல், நாற்றத்தோடு போக்கு, ஒரு மணி நேரத்தில் பேடு முழுக்க நனைவது, மூச்சிரைப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம். இதில் எது வந்தாலும் 108தான். வலிப்போ சம்பந்தமில்லாத பேச்சோ வந்தால் "காத்துக் கருப்பு, மந்திரிச்சுட்டு வரலாம்" என்பார்கள். பிரசவத்துக்குப் பிறகும் பி.பி. ஏறி வலிப்பு வரும் என்பதை அந்த அம்மாவின் காதில் விழுகிற மாதிரிச் சொல்லுங்கள்.

மலையூர்க்காரர்களிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்பேன். ராத்திரி வண்டிக்கு யாரைக் கூப்பிடுவீங்க? எந்த இடத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கும்? பதிலைக் கேஸ் ஷீட் மூலையில் எழுதிக்கொண்டு, அவர்கள் ஊர் வி.எச்.என்.னுக்கு (கிராம சுகாதார நர்ஸுக்கு) அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுவேன்.