விஎஃப்டி டிஸ்பிளே வரவில்லையா? எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்கும் முறை

விஎஃப்டி என்பது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ். 415 வோல்ட் த்ரீ ஃபேஸ் ஒழுங்காக வந்தும் அதன் டிஸ்பிளே இருட்டாகவே இருந்தால், முதலில் டிசி பஸ்ஸை (ரெக்டிஃபயர் ஏசியை டிசியாக மாற்றித் தரும் லைனை) அளக்கவும். சுமார் 585 வோல்ட் இருக்க வேண்டும். சுத்தமாக இல்லையென்றால் சார்ஜிங் ரெசிஸ்டரையும் ரெக்டிஃபயரையும் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் (பஸ்ஸிலிருந்து டிஸ்பிளே, ஃபேன் போன்றவற்றுக்குச் சின்ன வோல்ட்டேஜ் தரும் பவர் சப்ளை) மேல் பழி போட வேண்டாம்.

பஸ் இருந்தால் சப்ளையை நிறுத்துங்கள். எஸ்எம்பிஎஸ் செத்த டிரைவில் பஸ் கெபாசிட்டர் மெதுவாகத்தான் இறங்கும். வழக்கமான 10 நிமிடக் காத்திருப்பை நம்பாமல், அளந்து 50 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே கை வைக்கவும்.

ஃபேன் கனெக்டரைக் கழற்றி மறுபடி சப்ளை கொடுங்கள். டிஸ்பிளே வந்தால் ஃபேன்தான் ஷார்ட். வராமல் 'டிக் டிக்' சத்தம் கேட்டால், பெரும்பாலும் செகண்டரி (எஸ்எம்பிஎஸ் டிரான்ஸ்ஃபார்மரின் அவுட்புட் பக்க) டயோடு ஷார்ட்.

சத்தமே இல்லையா? எஸ்எம்பிஎஸ்ஸை இயக்கும் யுசி3844 ஐசி உள்ள போர்டில் 7, 5 பின்களுக்கு இடையே அளக்கவும். 16 வோல்ட் எட்டாமல் ஐசி எழாது. ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர் ஓப்பனாகியிருக்கும், அல்லது பக்கத்திலுள்ள சின்ன கெபாசிட்டர் காய்ந்திருக்கும். நாள் முழுக்க ஓடிய டிரைவ், நிறுத்திப் போட்டதும் எழ மறுப்பது இந்தக் கெபாசிட்டரால்தான். இந்தப் பகுதி பஸ்ஸோடு நேரடித் தொடர்பில் இருப்பதால் எர்த் செய்த ஆசிலோஸ்கோப்பை மாட்டாதீர்கள்.

மாஸ்ஃபெட் (எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர்) ஷார்ட்டானால் அதை மட்டும் மாற்றினால் மறுபடி வெடிக்கும். கேட் ரெசிஸ்டர், சோர்ஸ் ரெசிஸ்டர், ஐசி எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.